லேப்டாப் டிஸ்க்கை கேஸில் போடுகிறீர்களா? ஸ்பீடை விடுங்கள், சூட்டைப் பாருங்கள்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸும் டேட்டா ரெக்கவரியும் செய்கிறேன். எக்ஸ்டர்னல் டிஸ்க் கேட்டு வருபவர்கள் முதலில் எத்தனை டிபி என்பார்கள், அடுத்து எவ்வளவு ஸ்பீடு என்பார்கள். எவ்வளவு சூடாகும் என்று கேட்பவர் அபூர்வம். நம் ஊர் வெயிலுக்கு முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இப்போது பல வீடுகளில் நடப்பது இது. பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டே இல்லாத சிப் டிஸ்க், மாற்றுகிறார்கள். கழற்றிய இரண்டரை இஞ்ச் ஹார்ட் டிஸ்க் கையில் மிஞ்சுகிறது. ஒரு கேஸ் வாங்கி அதில் போட்டு யுஎஸ்பியில் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான், நானே சொல்லித் தருகிறேன். ஆனால் அதற்குள் போய்ச் சேருவது என்ன? அறுபதாங்கல்யாண வீடியோ, பர்மாவிலும் மலேயாவிலும் எடுத்த படங்களின் ஸ்கேன், கடல் கடந்து கொண்டுவிற்ற, அதாவது தொழில் செய்த, காலத்துக் கணக்கேடுகளின் போட்டோ. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த அச்சுப் பிரதிகள் இன்று சென்னையில் ஒரு நூலகமாகவே நிற்கின்றன. அப்படி நிறுவனம் போய்ச் சேராத வீட்டுக் காகிதங்களுக்கு இந்தச் சின்னப் பெட்டிதான் கதி. அதனால் டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் மெனக்கெடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் லேப்டாப்புக்குள் இருக்கும்போது சுற்றிலும் கொஞ்சம் காற்றோட்டம் உண்டு. கேஸுக்குள் ஃபேன் கிடையாது. மோட்டாரும் சர்க்யூட் போர்டும் கக்கும் சூடு மேல் ஓட்டின் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். தொடர்ந்து காப்பி ஓடும்போது சாதாரணப் பிளாஸ்டிக் கேஸில் டிஸ்க்கின் சூடு அறையை விட 15 டிகிரி ஏறுவது எனக்குப் பழகிப்போன காட்சி. இந்த டிஸ்க்குகள் வேலை செய்யும் வரம்பு என்று கம்பெனிகள் சொல்வது பொதுவாக 60 டிகிரி செல்சியஸ். பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவில், முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்து காப்பி செய்தால் கவலையில்லை. உயரமான கூரை, தரையில் ஆத்தங்குடி ஓடு, நடுவில் திறந்த முற்றம் என்று வீடே சூட்டை வெளியே விடும்படி கட்டியிருக்கிறார்கள். பின்னால் புதிதாகக் கட்டிய கான்கிரீட் மாடி அறையில், மே மாத மதியம் 38 டிகிரியில், கேஸை அதன் துணிப் பையோடு மெத்தை மேல் வைத்து 300 ஜிபி காப்பி போட்டால் வரம்பு வெகு தூரத்தில் இல்லை.

சூடு மட்டுமே டிஸ்க்கைக் கொன்றுவிடும் என்று சொல்ல வரவில்லை. கூகுள் தன்னிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட முடிவில், மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய சம்பந்தம் தெரியவில்லை. சூடு மிக அதிகமானபோதும், டிஸ்க்குக்கு மூன்று வயது கடந்த பிறகும்தான் சம்பந்தம் தெரிந்தது. நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்தவை: பழைய டிஸ்க், சூடான அறை.

ஆகவே 5400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்காக வாங்குங்கள். 7200 வேண்டாம். 5400 டிஸ்க் படிக்கும்போதும் எழுதும்போதும் ஒன்றரை வாட் அளவில் தின்னும், 7200 பொதுவாக அதைவிடக் கூடுதலாகத் தின்று கூடுதலாகவே சூடேறும். கல்யாண வீடியோ பார்ப்பதற்கும் போட்டோ சேர்த்து வைப்பதற்கும் 5400 கொடுக்கும் நொடிக்கு 100 எம்பி தாராளம். கேஸ் அலுமினியமாக இருக்கட்டும். டிஸ்க்கும் கேஸின் மேல் ஓடும் ஒட்டி உட்கார உள்ளே தெர்மல் பேட், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை, இருந்தால் இன்னும் நல்லது. டிஸ்க்கின் மேல் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், மூடாதீர்கள் என்று அதன் பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். உள்ளும் வெளியும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான ஓட்டை அது. அதன் மேல் பேடையோ ஸ்டிக்கரையோ ஒட்டிவிடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் தடிமனைக் கேளுங்கள். லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 அல்லது 9.5 மில்லிமீட்டர். 12.5, 15 மில்லிமீட்டரிலும் உண்டு, அவை சாதாரணக் கேஸில் நுழையாது. இந்தத் தடிமனில் வேறொரு சேதியும் இருக்கிறது. 7 மில்லிமீட்டரில் வரும் 1 டிபி டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஒரு வரிசை ஓடு அடுத்த வரிசையின் மேல் கொஞ்சம் ஏறிக் கிடக்கிறதல்லவா, அதேபோல இந்த டிஸ்க்கில் ஒரு தடம் பக்கத்துத் தடத்தின் மேல் ஏறிக் கிடக்கும். புதிதாக வேய்வது சுலபம். நடுவில் ஒரே ஒரு ஓடு மட்டும் மாற வேண்டுமென்றால் மேல் வரிசைகளையும் கிளப்ப வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் ஒரு தடவை எழுதிவிட்டு வைத்துக்கொள்ளலாம், பிரச்னையில்லை. அடிக்கடி அழித்து எழுதினால் ஊர்ந்து ஊர்ந்து மணிக்கணக்கில் ஓடும், அத்தனை நேரமும் சூடேறும். காப்பி முடிந்த பிறகும் உள்ளே ஒழுங்குபடுத்தும் வேலை நடக்கும். அதனால் முடிந்ததும் பிடுங்காமல் சில நிமிடம் விட்டுவைப்பது நல்லது. எந்த மாடல் எஸ்எம்ஆர் என்பதை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா மூன்றுமே 2020-ல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டன. லேபிளில் இருக்கும் மாடல் நம்பரை வைத்து ஐந்து நிமிடத்தில் தேடிவிடலாம்.

அடுத்தது கரண்ட். ரெக்கவரிக்கு வரும் டிஸ்க்குகளில் உண்மையில் பழுதே இல்லாதவை நிறைய, காரணம் இதுதான். பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி பேரனோடு வந்திருந்தார். "தம்பி, டிவியில போட்டா டிக் டிக்னு சத்தம் வருது, படம் வரலை. ஐயா அறுபதாங்கல்யாண சாந்திக்கு எடுத்ததெல்லாம் இதுலதான் இருக்கு" என்றார். டிஸ்க்கைக் கையில் வாங்கும்போதே கேபிள் கண்ணில் பட்டது. ஒன்றரை மீட்டர் நீளம், நூல் மாதிரி மெல்லிசு. என் மேஜையில் குட்டையான தடித்த கேபிள் போட்டு டெஸ்க்டாப்பின் பின்பக்கப் போர்ட்டில் மாட்டினேன். டிஸ்க் ஒரே மூச்சில் சுழன்று எழுந்தது, ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. ஆச்சி கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "அப்ப டிவி கெட்டுப்போச்சாப்பா?" டிவியும் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டரை இஞ்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும், தனி அடாப்டர் வேண்டாம், அதுதான் அதன் சௌகரியம். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் ஓரிரு நொடிகளுக்கு ஒரு ஆம்பியர் வரை கேட்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. நீளமான மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இன்னும் இறங்கும். டிஸ்க் சுழலப் பார்க்கும், முடியாமல் நிற்கும், மறுபடி பார்க்கும். அந்த டிக் டிக் சத்தம் இதுவாக இருக்கலாம். டிவியின் பின்னால் எச்டிடி என்றோ 1ஏ என்றோ எழுதிய போர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள். தனி அடாப்டரில் கரண்ட் எடுக்காத யுஎஸ்பி ஹப்பில் மாட்டாதீர்கள். நல்ல கேபிளும் நல்ல போர்ட்டும் மாற்றிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் அந்த நிமிடமே கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு தடவை மாட்டும்போதும், படித்து எழுதும் ஹெட், டேட்டா இருக்கும் தட்டைக் கீறலாம்.

அலுமினியக் கேஸைத் தொட்டால் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். கேஸின் குற்றமல்ல. எர்த் இல்லாத பிளக்கில் லேப்டாப் சார்ஜரை மாட்டினால் வரும் கசிவு அது. பழைய வீடுகளில் பல அறைகளுக்கு எர்த் இழுத்திருக்க மாட்டார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள், டிஸ்க்குக்காக மட்டுமல்ல.

ரெடிமேட் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குவதை விட கேஸ் தனி, டிஸ்க் தனி என்று வாங்கச் சொல்வேன். சில ரெடிமேட் டிஸ்க்குகளில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கம்ப்யூட்டரில் நேராக மாட்டும் சாட்டா முனையே இருக்காது. சாக்கெட் ஆட்டம் கண்டால் வேறு கேஸில் மாற்றிப் போட முடியாது, ரெக்கவரி செலவுதான். தனிக் கேஸிலும் ஒரு சோதனை பாக்கி. சில கேஸ்களின் சிப், டேட்டாவைத் தன் பாணியில் எழுதி வைக்கும். அந்தக் கேஸ் போனால் டிஸ்க்கை வேறு எதிலும் படிக்க முடியாது. அதனால் நிரப்புவதற்கு முன் ஒரே ஒரு ஃபோல்டரை காப்பி செய்து, டிஸ்க்கைக் கழற்றி டெஸ்க்டாப்பில் நேராக மாட்டிப் பாருங்கள். ஃபோல்டர் திறந்தால் நம்பலாம்.

பழைய டிஸ்க்கானால் போடுமுன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றிய செக்டார்களை, அதாவது டேட்டா எழுதும் சின்னச் சின்னத் துண்டுகளை, காட்டும். சி5, படிக்க முடியாமல் காத்திருப்பவற்றைக் காட்டும். இரண்டிலும் கடைசிக் கட்டம் முழுக்கப் பூஜ்யமாக இருக்க வேண்டும். கூகுளின் அதே ஆய்வில், ஸ்கேனில் முதல் தவறு தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, தவறே இல்லாத டிஸ்க்கை விட 39 மடங்கு. ஆகவே சி5 ஏறிய டிஸ்க்கை அரை விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கேபிள் வழியில் வந்த தவறுகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கை விட்டு இணைப்பைப் பாருங்கள்.

பூஜ்யம் என்றால் அடுத்து, டிஸ்க்கில் வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டு, குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு ஃபுல் ஃபார்மட் கொடுங்கள். 1 டிபிக்கு மூன்று மணி நேரமாவது பிடிக்கும். நல்ல வெயில் மதியத்தில், நீங்கள் வழக்கமாக வைக்கும் இடத்திலேயே செய்யுங்கள். முடியும் தறுவாயில் சூடு எவ்வளவு என்று அதே மென்பொருளில் பாருங்கள். 50-க்குள் நின்றால் அந்த ஜோடியை வைத்துக்கொள்ளலாம். 55-ஐத் தாண்டினால் கேஸை மாற்றுங்கள். பிறகு 05-ஐயும் சி5-ஐயும் மறுபடி பாருங்கள்.

எஸ்எஸ்டியே வாங்கிவிடலாமே என்று கேட்பார்கள். சூடு குறைவு, கீழே விழுந்தாலும் பயமில்லை, தினம் எடுத்துப் போகிறவர்களுக்கு அதுதான் சரி. வருஷக்கணக்கில் பீரோவில் கிடக்கப் போகிற காப்பிக்கு நான் அதைச் சொல்வதில்லை. எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் டேட்டாவைத் தாங்கினால் போதும் என்பதுதான் அந்தத் தொழிலின் தர அளவே. புதியது அதைவிட அதிகம் தாங்கும், ஆனால் சூடு ஏற ஏற அந்தக் காலம் குறையும்.

எந்த டிஸ்க் வாங்கினாலும் இரண்டு வாங்குங்கள், ஒரே கம்பெனி ஒரே மாடலில் வேண்டாம். இரண்டாவதை இந்த வீட்டிலேயே வைக்காதீர்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் முன்னோர் படைப்புக்கு வருவார்களே, திரும்பும்போது கையில் கொடுத்தனுப்புங்கள். அடுத்த முறை வரும்போது அதையும் கொண்டு வரச் சொல்லி, இரண்டையும் மாட்டி, 05-ம் சி5-ம் பார்த்து, புதிதாகச் சேர்ந்த படங்களை ஏற்றி அனுப்புங்கள்.