ஊசி இல்லாவிட்டால் வர மாட்டீர்களா?

போன வாரம் ஒன்பது மாதப் பெண் குழந்தையைத் தட்டம்மை ஊசிக்குத் தூக்கி வந்தார்கள். எடை 6.2 கிலோ. அட்டையைப் புரட்டினால் மூன்றரை மாதத்தில் 5.8 கிலோ என்று எழுதியிருக்கிறது. ஐந்தரை மாதத்தில் ஏறியது வெறும் 400 கிராம். இடையில் ஒரு பதிவும் இல்லை. "நடுவுல ஊசி எதுவும் இல்லைன்னாங்க டாக்டர், அதான் வரலை" என்றார் அம்மா. இந்த மாதத்தில் இந்தப் பதில் நான்காவது முறை.

அவர் சொன்னது பொய்யில்லை. அரசு அட்டவணையில் 14 வார ஊசிக்கு அடுத்தது ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். ஆனால் அந்த இடைவெளியில்தான் குழந்தை திட உணவுக்கு மாறுகிறது, பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்தும் தீர்ந்துபோகிறது. இந்தக் குழந்தைக்குக் கிடைத்ததோ நீர்க்கக் கரைத்த கூழ், பருப்புத் தண்ணி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பசும்பால். பருப்பை அடியில் விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் ஏன் ஊட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. உள்ளங்கை வெளுத்திருந்தது, ரத்தசோகை.

செக்கப் என்றால் ஊசி என்று யார் சொன்னது? ஊசி அரை நிமிஷ வேலை, அதை நர்ஸே போட்டுவிடுவார். என் வேலை அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. எடை, நீளம், தலைச்சுற்றளவு. முதல் வருடத்தில் தலை ஏறக்குறைய 12 செ.மீ. வளரும். ஒரு முறை அளந்தால் அது வெறும் எண். இரண்டு மூன்று முறை அளந்து கோடு போட்டால்தான் வேகமாகப் போகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியும். என் டேப்புக்கு ஸ்டெதஸ்கோப்பைவிட அதிக வேலை. (அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.) அப்புறம் இடுப்பு மூட்டு, ஆண் குழந்தையானால் விரை இறங்கியிருக்கிறதா, கண் பொருளைப் பின்தொடர்கிறதா, சத்தம் கேட்டுத் திரும்புகிறதா. நான் குழந்தையோடு விளையாடுவது போலத்தான் உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பதும், நான்கு மாதத்தில் தலை நிற்பதும் அப்படித்தான் பார்க்கப்படுகின்றன.

"குழந்தை கொழுகொழுன்னு இருக்கே" என்பதும் "எங்க வீட்டுல எல்லாருமே மெலிசு" என்பதும் அளவுகோல் அல்ல. பிறந்த எடை ஐந்து மாத வாக்கில் இரட்டிப்பாகும், ஒரு வயதில் மும்மடங்காகும். நமக்கு வேண்டிய கணக்கு இதுதான்.

ஊசி இருக்கிறதோ இல்லையோ, ஆறாம் மாதம் கண்டிப்பாக வாருங்கள். அட்டையை மறக்காதீர்கள், அது இல்லாமல் பாதி கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். எடை போட உடையைக் கழற்றச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். லேசான சளி என்று ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம். ஒன்று தவறிவிட்டாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்தே போடலாம். திட்டுவேன் என்று பயந்து வராமல் இருக்காதீர்கள். சரி, கொஞ்சம் திட்டுவேன்தான்.

பாட்டிமார்களே, கெஞ்சிக் கேட்கிறேன்: "சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று மிரட்டாதீர்கள். வாசலிலேயே வீறிட்டு அழும் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் எனக்கு அழுகைதான் கேட்கிறது, இதயம் கேட்பதில்லை.