இரவொளிர் முகில்: சொல் விளக்கம்

'நாக்டிலூசன்ட் கிளவுட்' என்ற ஆங்கிலப் பெயரில் 'கிளவுட்' முகில்; 'நாக்டிலூசன்ட்' என்ற சொல்லுக்கு வேர் லத்தீன். 'நாக்ஸ்' என்றால் இரவு, 'லூசேரே' என்றால் ஒளிர்தல். நேராகத் தமிழாக்கினால் 'இரவொளிர் முகில்'. 1885 கோடையில் ஐரோப்பாவில் பலர் இந்த முகில்களைக் கண்டு குறித்து வைத்தார்கள். ஜெர்மானிய வானியலாளர் ஓட்டோ யெஸ்ஸெ இவற்றை இரு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் படமெடுத்து, உயரம் சுமார் 82 கி.மீ. என்று கணக்கிட்டார். சாதாரண மேகங்களோ 20 கி.மீ.க்குள் அடங்கிவிடும்.

பெயர் அழகுதான், ஆனால் மின்மினி போல இவை தாமாக ஒளிர்வதில்லை. நமக்குச் சூரியன் மறைந்த பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் படுகிறது. அதைச் சிதறடிக்கும் நுண்ணிய பனித்துகள்களே இந்த முகில்கள். துருவங்களை ஒட்டி, அதுவும் கோடையில்தான் உருவாகும். வேடிக்கை என்னவென்றால், அந்த உயரத்தில் கடுங்குளிர் அடிப்பதே கோடையில்தான்: காற்று மேலெழுந்து விரிவதால் வெப்பநிலை மைனஸ் 130 டிகிரி செல்சியஸ் வரையிலும் அதற்குக் கீழும் இறங்கும்.

சரி, செயற்கைக்கோளுக்கு இரவு எதற்கு? அது பகலிலேயே பார்த்துவிடும். அதனால் விண்வெளித் தரவுகளில் இதற்குப் பெயரே வேறு: 'போலார் மீசோஸ்பெரிக் மேகம்'. 'மீசோ' கிரேக்கத்தில் 'நடு'. இந்த முகில்கள் இருக்கும் வளிமண்டல அடுக்கான மீசோஸ்பியருக்குப் பாடநூல்களில் 'இடையடுக்கு' இருக்கிறது. ஆக, 'துருவ இடையடுக்கு முகில்'. ஆய்வுக் கட்டுரைக்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

நீண்ட காலப் பதிவு கிடைத்ததே ஒரு பக்க விளைவு. 1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோள், ஓசோனை அளக்கப் புற ஊதாக் கருவி ஒன்றைச் சுமந்து சென்றது. குறிப்பிட்ட அலைநீளங்களை ஓசோன் விழுங்கிவிடுவதால் கீழே பூமி இருண்டு தெரியும். ஓசோனுக்கு மேலே இருக்கும் பனித்துகள்கள் மட்டும் கூடுதல் வெளிச்சமாகப் பதிவாகும். அதே வகைக் கருவிகள் பின்னர் அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவின் செயற்கைக்கோள்களிலும் பறந்தன. இந்த முகில்களுக்கென்றே நாசா 2007-இல் ஏவிய 'எய்ம்' செயற்கைக்கோள் 2023 வரை இயங்கியது. பல பத்தாண்டுத் தரவில் முகில்கள் கூடிவரும் போக்கு தெரிகிறது. மீத்தேன் சிதைந்து மேலே நீராவியைக் கூட்டுவது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அப்புறம், 'இடையடுக்கு' என்பதை விட்டுவிட்டு 'துருவ முகில்' என்று மட்டும் எழுதக் கூடாது. குளிர்காலத்தில் 15 முதல் 25 கி.மீ. உயரத்தில் உருவாகி ஓசோன் அழிவுக்குத் துணைபோகும் முகில்கள் வேறு. இடையடுக்குக்குக் கீழே உள்ள மீளடுக்கில் (ஸ்ட்ராடோஸ்பியர்) இருப்பதால் அவை 'துருவ மீளடுக்கு முகில்கள்'.