துருவின் மேல் பூசாதீர்கள்

இந்த வருடத்தில் இது ஐந்தாவது வீடு. உவரிக்குப் பக்கத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். தார்சாவின் மேல்தளத்திலிருந்து முறம் அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து, ஆச்சியின் நார்க்கட்டிலில் தலைமாட்டில் விழுந்திருந்தது. நல்லவேளை, ஆச்சி அடுக்களையில் இருந்திருக்கிறார்.

“போன சித்திரையில்தான் பூசினோம் அண்ணாச்சி. கொத்தனார் கெமிக்கல்கூடக் கலந்தார்” என்றார் மகன்.

சுத்தியலால் தட்டினேன். பூசிய இடம் கணீரென்றது. அதைச் சுற்றி ஒரு முழத்துக்குப் பொக்கென்று கேட்டது. உடைத்தால், 8 மி.மீ. கம்பி ஈர்க்குச்சியாய் மெலிந்து, தாள் தாளாக உரிந்து வருகிறது. கம்பிக்கு மேல் இருந்த கான்கிரீட் வெறும் 12 மி.மீ. கடலோரத்தில் திறந்த வெளிக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கேட்பது 45 மி.மீ.

‘பூசினால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையை எத்தனை பேரிடம் மறுத்துப் பேசிவிட்டேன்! கம்பியை அரிப்பது கடல் உப்பு. பழைய கான்கிரீட்டில் ஊறிய அந்த உப்பு எங்கும் போகவில்லை. நடுவில் மட்டும் புதுச் சிமெண்ட்டை அப்பினால் அதற்குள் இருக்கும் கம்பி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதே கம்பிதானே பக்கத்திலும் ஓடுகிறது? அதுவரை துருப்பிடித்த பகுதி, தான் கரைந்து பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. பூச்சு வந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. புதுப் பூச்சுக்கும் பழைய உப்புக்கும் நடுவே ஒரு மின்கலமே உருவாகி, ஓரத்துக் கம்பி முன்னைவிட வேகமாகக் கரைகிறது. துருவுக்கு இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் வேண்டும். கான்கிரீட்டைப் பிளந்துதான் அது அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆச்சியின் கட்டிலில் விழுந்தது அந்த ஓரம்.

விரிசல் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதனால்தான் பாலமும் மேல்நிலைத் தொட்டியும் கடலோரப் பள்ளிக்கூடமும் கட்டுபவர்களிடம் பேட்டரி இல்லாத சென்சார்களைப் புதைக்கச் சொல்லி மன்றாடுகிறேன். ஒரு சுருள், ஒரு மின்தேக்கி, கான்கிரீட்டைத் தொட்டபடி ஒரு மெல்லிய இரும்பு இழை, அவ்வளவுதான். வெளியே ரீடரைக் காட்டினால் அதன் காந்தப்புலமே உள்ளே மின்சாரம் தரும். மெட்ரோ பயண அட்டை வேலை செய்வதும் இப்படித்தான். உப்பு வந்து இழையை அறுத்தால் மின்சுற்றின் அதிர்வெண் மாறிவிடும். இழைகளை வெவ்வேறு ஆழத்தில் வைத்தால், முதன்மைக் கம்பி முழுதாக இருக்கும்போதே உப்பு எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

“பேட்டரி இல்லாததை எப்படி நம்புவது?” என்று பொறியாளர்களே கேட்கிறார்கள். ஐயா, பேட்டரி சில வருடங்களில் செத்துவிடும். பாலம் ஐம்பது வருடமாவது நிற்க வேண்டும். செத்த பேட்டரியை மாற்றப் பாலத்தையா உடைப்பீர்கள்?

ஒன்று, சென்சாரைக் கம்பியோடு ஒட்டிக் கட்டிவிடாதீர்கள். இரும்பு அருகில் இருந்தால் சமிக்ஞை கெடும். ஈரக் கான்கிரீட்டும் அலையை விழுங்கும். சில சென்டிமீட்டர் தூரத்திலிருந்துதான் படிக்க முடியும் என்பதால் புதைத்த இடத்தை வரைபடத்தில் குறித்தே ஆக வேண்டும். சென்சார் துருவை நிறுத்தாது, சொல்லும். கேட்டு நடக்க ஆள் வேண்டும்.

வீடு கட்டுபவர்களே, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடும் கவர் பிளாக் வையுங்கள். சல்லித் துண்டை முட்டுக் கொடுத்துக் கம்பியைத் தூக்காதீர்கள். கரிக்கும் கிணற்றுத் தண்ணீரைக் கலவைக்கும் சேர்க்காதீர்கள், நீராற்றுவதற்கும் ஊற்றாதீர்கள். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில், உப்பில் இருக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பழுது பார்ப்பதானால், கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும்வரை உடைத்து, சுத்தமான இரும்பு தெரியும் இடம்வரை போங்கள். செலவு கூடத்தான் செய்யும்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள், தயவுசெய்து, மேல்தளத்தைத் தட்டிப் பாருங்கள். பொக்கென்று கேட்கும் இடத்துக்குக் கீழே கட்டிலும் போடாதீர்கள், தொட்டிலும் கட்டாதீர்கள்.