உரிமச் சோதனை வேறு, மருத்துவக் கண் பரிசோதனை வேறு: தென்னாப்பிரிக்காவில் நமக்குள்ள உரிமைகள்

தென்னாப்பிரிக்காவில் ஓட்டுநர் உரிம அட்டையை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது பார்வையைச் சோதிக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்து விதிகளின்படி, கார் ஓட்டுபவருக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/12 அளவு பார்வை, அதாவது நல்ல கண் 12 மீட்டர் தொலைவில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் திறன், இருக்க வேண்டும். ஒரு கண்ணில் அது குறைந்தால் மற்றொன்று 6/9 அளவை எட்ட வேண்டும். இதில் தேறிவிட்டதால் கண்ணில் குறையில்லை என்று நம்மவர் பலர் இருந்துவிடுகிறார்கள். அந்தச் சோதனை வண்டி ஓட்டும் தகுதியை மட்டுமே அளக்கிறது. விழித்திரையையும் கண்ணின் உள் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் அது பார்ப்பதே இல்லை.

கண் அழுத்த நோயான குளுக்கோமா பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையை மெல்லக் குறைக்கிறது. நரம்பில் ஒருமுறை இழந்தது எந்தச் சிகிச்சையாலும் திரும்புவதில்லை. நீரிழிவினால் விழித்திரையில் ஏற்படும் சேதமும் அப்படித்தான்: எழுத்துப் பலகையைத் தடையின்றி வாசிக்கும் ஒருவரின் விழித்திரையில் இரத்தக் கசிவு தொடங்கியிருக்கக்கூடும். டர்பன் வட்டார இந்திய வம்சாவளியினரிடையே நீரிழிவு மிகுதி என்பதால், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இது வீட்டுச் செய்தி. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர், நோய் தெரிந்த அந்த ஆண்டிலேயே தொடங்கி ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ குளுக்கோமா இருந்தால், பார்வை தெளிவாக இருக்கும்போதே மருத்துவரிடம் செல்வது அவசியம்.

இதற்குச் செலவு தடையாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எதிலும் உறுப்பினராகவோ உறுப்பினரைச் சார்ந்தவராகவோ இல்லாதவர்களுக்குப் பொதுவாக அரசு கிளினிக்குகளில் அடிப்படைச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே முதலில் செல்ல வேண்டிய இடம் கிளினிக். கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால் அங்குள்ள செவிலியரோ மருத்துவரோ பரிந்துரைக் கடிதம் தருவார்; அது இல்லாமல் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடக்கூடும். குவாசுலு நட்டாலில் இத்தகைய கடிதத்தோடு வருவோரைக் கவனிக்கும் இடங்களுள் ஒன்று, டர்பன் ஓவர்போர்ட்டில் உள்ள மெக்கார்ட் மாகாணக் கண் மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் வருமானத்துக்கு ஏற்பவே கட்டணம் வாங்குகிறார்கள். அரசின் சமூக உதவித்தொகை முகமையான சாஸா வழியாக முதியோர் உதவித்தொகை பெறுவோர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அடையாள அட்டையுடன் உதவித்தொகைக்கான சான்று, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், இப்போது அணியும் கண்ணாடி ஆகியவற்றையும் கொண்டுசெல்லுங்கள். கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால், வண்டி ஓட்ட வேறொருவர் உடன் வர வேண்டும்.

காப்பீட்டுத் திட்ட உறுப்பினர்களுக்கு வேறு வழி உண்டு. இதைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின்கீழ், எவ்வளவு குறைந்த சந்தாத் திட்டமானாலும் வழங்கியே ஆக வேண்டிய குறைந்தபட்சப் பயன்கள் வகுக்கப்பட்டுள்ளன. குளுக்கோமாவும் நீரிழிவும் அவற்றுள் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. கண்புரை அறுவையும் அடங்குகிறது. நோயைக் கண்டறியும் செலவையும் சிகிச்சைச் செலவையும் திட்டமே ஏற்க வேண்டும். அதைத் திட்டத்தில் உள்ள உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிக்க விதிகள் இடம் தரவில்லை. திட்டம் குறித்துக் கொடுத்த மருத்துவரை விட்டு, நீங்களாக வேறொருவரைத் தேர்ந்தால் மட்டும் ஒரு பங்கு உங்கள் பொறுப்பாகலாம். சாதாரணக் கண்ணாடிச் செலவு இந்தப் பயன்களில் சேராது. உரிய தொகையைத் தர மறுத்தால் முதலில் திட்டத்திடமே எழுத்து மூலம் முறையிடுங்கள். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், அந்தக் கடிதங்களை இணைத்து, இத்திட்டங்களைக் கண்காணிக்கும் அமைப்பான மருத்துவத் திட்டங்கள் மன்றத்திடம் புகார் அளிக்கலாம்.