கீழாநெல்லிக்கு வெளிச்சம், நிலவாகைக்கு உராய்வு

கீழாநெல்லி விதையையும் நிலவாகை விதையையும் ஒரே பாத்தியில் ஒரே ஆழத்தில் ஊன்றித் தண்ணீர் விட்டால், முதலாவது வரவே வராது. இரண்டாவது விட்டுவிட்டு முளைக்கும். ஈரமும் சூடும் இருந்தால் முளைக்கும் என்ற கணக்கு நெல்லுக்கும் பயறுக்கும் சரி. நம் கைபட்டுப் பழகியவை அவை. மூலிகைகள் பலவற்றுக்கு இன்னும் காட்டுப் புத்தி போகவில்லை.

கீழாநெல்லி விதை ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அரை அங்குல மண்ணை முட்டிக்கொண்டு மேலே வர அதற்குள் உணவு போதாது. எனவே வெளிச்சம் பட்டால்தான் கண் விழிக்கும். விதையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி, சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி பட்டால் முளைப்பைத் தொடங்கிவைக்கும். சிவப்பின் கடைக்கோடியில், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் 730 நானோமீட்டர் தொலைசிவப்பொளி பட்டால் தடுத்துவிடும். பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுவதால், அடர்ந்த மரநிழலும் இதற்கு ஆகாது. விதையைப் பல மடங்கு மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மண் போட்டு மூடக் கூடாது. மூடாத விதை சீக்கிரம் காயுமென்பதால் காலை, மாலை பூவாளியால் தெளிக்க வேண்டும். குழாயால் பீய்ச்சினால் விதையெல்லாம் பாத்தி ஓரத்தில் ஒதுங்கி, அங்கேயே கொத்தாக முளைக்கும்.

திருநெல்வேலி பெயரிலேயே ஏற்றுமதியாகும் நிலவாகைக்குச் சிக்கல் தோலில். நெருக்கமான செல்லடுக்கு தண்ணீரை உள்ளே விடாது. சொரசொரப்பான மணலோடு சாக்கில் போட்டுத் தேய்க்க வேண்டும். பளபளப்பு மங்கியதும் நிறுத்திவிடலாம். பருப்பு தெரியுமளவு தேய்த்தால் மண்ணில் அழுகும். பிறகு இரவு முழுக்க ஊற வைத்தால், தண்ணீர் குடித்தவை காலையில் பருத்து, நகம் பட்டாலே தோல் உரியும். மற்றவை போட்ட அளவிலேயே கல்லாகக் கிடக்கும்; அவற்றைப் பொறுக்கி மறுபடி தேய்க்கலாம். ஊறியதை அன்றே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஊறிய விதைக்கு மூச்சு வேண்டும். பாத்தியில் தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் அழுகிவிடும்.

கல் தோலால் ஒரு லாபம், நிலவாகையைச் சேமிக்கலாம். வேம்பு நேர்மாறு: சும்மா வைத்திருந்தால் சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். பழச் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே விதைத்துவிடுவதே நல்லது.

விதை வாங்கியதும் நூறை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி முளைப்புப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். கீழாநெல்லியை மட்டும் சுருட்டக் கூடாது. இருட்டில் ஒன்றுகூட முளைக்காமல், பழி விதை விற்றவர் தலையில் விழும். ஈரத்துணியைத் தட்டில் விரித்து, மேலே கண்ணாடி மூடி, ஜன்னலோரம் வைக்க வேண்டும்.