எஞ்சிய தசையிலிருந்து ஒரு பிடி

தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்து கழுத்து முள்ளெலும்பு நொறுங்கிய ஒருவருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. உலோகத் தகடும் திருகுகளும் எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன, தையலும் பிரித்தாயிற்று. ஆனால் கால்கள் அசையவில்லை, விரல்கள் மடங்கவில்லை, சிறுநீர் தானாகப் பிரியவில்லை. இனி என்ன செய்வது என்று வீட்டார் கையைப் பிசைந்து நிற்கும் இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் மறுவாழ்வு மருத்துவரின் பெயர் முதன்முதலாகக் காதில் விழுகிறது. அவருடைய வேலை இதற்கு வெகு முன்பே, நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்த்தால் காரணம் தானாக விளங்கும்.

இத்துறை மருத்துவர்கள் எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்று ஆண்டுகள் எம்.டி. பட்டத்துக்குப் படித்தவர்கள். பக்கவாதம், மூளைக்காயம், கை கால் இழப்பு, குழந்தைகளின் பெருமூளை வாதம் எனப் பலவற்றுக்கும் இவர்கள் சிகிச்சை அளிக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், செயற்கைக் கால் செய்பவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோர் சேர்ந்த குழுவை வழிநடத்துவதும் இவர்களே. இத்துறையின் சிந்தனை முறை மிகத் தெளிவாகத் தெரிவது தண்டுவடக் காயத்தில் என்பதால், அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழுள்ள திரிகப் பகுதியில் 5, வால்முனையில் 1. ஒவ்வொரு மட்டத்துக்கும் தனி வேலை உண்டு. கழுத்தின் 5-ஆம் நரம்பு முழங்கையை மடக்கும். 6-ஆவது மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும். 7-ஆவது முழங்கையை நீட்டும். 8-ஆவது விரல்களை மடக்கும். ஆகவே காயம் ஒரே ஒரு மட்டம் மேலேயோ கீழேயோ அமைவது, ஒருவர் பிறர் தூக்கிவிட்டால்தான் கட்டிலை விட்டு இறங்குவாரா, தானே சக்கர நாற்காலிக்கு மாறிக்கொள்வாரா என்பதைத் தீர்மானித்துவிடும். அறுந்த தண்டுவடத்தை மீண்டும் வளர வைக்கும் சிகிச்சை இன்றுவரை இல்லை. எனவே எது போனது என்று கணக்கெடுப்பதைவிட, எது மிச்சம் இருக்கிறது என்று துல்லியமாகத் தேடுவதில்தான் மறுவாழ்வு மருத்துவரின் திறமை அடங்கியிருக்கிறது.

இந்தத் தேடலை மாணவர்களுக்குக் கற்பிப்பது எளிதல்ல, உடல் ஏமாற்றும். முழங்கையை நீட்டும் தசை முழுவதும் செயலிழந்த ஒருவரிடம் 'கையை நீட்டுங்கள்' என்றால், அவர் தோள்பட்டையை வெளிப்புறமாகச் சற்றே திருப்புவார். முன்னங்கை தன் எடையாலேயே விழுந்து நேராகிவிடும். புதிதாகப் பயில்பவர் தசை வேலை செய்வதாகவே குறித்துவிடுவார். அனுபவமுள்ள ஆசிரியர் அந்தக் கையை உயர்த்தி, முன்னங்கை புவியீர்ப்புக்கு எதிராக மேலே போக வேண்டிய நிலையில் வைத்து, தசையின் மேல் தன் விரலைப் பதித்து, மறுபடியும் நீட்டச் சொல்வார். உண்மை அப்போதுதான் தெரியும். அதேபோல, கால்கள் துளியும் அசையாத நோயாளியிலும் ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் உணர்வு இருக்கிறதா என்று பஞ்சாலும் ஊசிமுனையாலும் தொட்டுப் பார்க்காமல் பரிசோதனை முடிவதில்லை. திரிகப் பகுதியின் கடைசி நரம்புகளுக்கு உரிய இடம் அது. அங்கே சிறிதளவு உணர்வு மிஞ்சியிருந்தாலும் தண்டுவடத்தின் வழியே ஏதோ சில இழைகள் இன்னும் செய்தி கொண்டுசெல்கின்றன என்று பொருள். மேலும் மீட்சிக்கு வாய்ப்புக் கூடுகிறது. கூச்சத்தால் இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர், நோயாளிக்குச் சொல்லியிருக்கக்கூடிய மிக முக்கியமான செய்தியைத் தவறவிடுகிறார்.

மணிக்கட்டைத் தூக்கும் தசை மட்டும் தப்பி, விரல்கள் முற்றிலும் செயலிழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரால் ஒரு கரண்டியைப் பிடிக்க முடியுமா? முடியும். வாசகர்கள் இதைத் தம் கையிலேயே பார்க்கலாம். முழங்கையை மேசைமேல் ஊன்றி, விரல்களை முழுவதும் தளர்த்தி, மணிக்கட்டைக் கீழே தொங்கவிடுங்கள், விரல்கள் விரிகின்றன. இப்போது மணிக்கட்டை மட்டும் பின்னோக்கித் தூக்குங்கள். விரல்கள் தாமாக உள்ளே மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து படியும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் முன்னங்கையிலிருந்து புறப்பட்டு மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தைக் கடந்து விரல் நுனிவரை செல்கின்றன. இந்த அசைவின்போது அவற்றின் நீளம் மாறுவதில்லை. மணிக்கட்டு பின்னால் வளையும்போது அவை கடந்தாக வேண்டிய தூரம் கூடுகிறது. அதனால் பொம்மலாட்டக் கயிறுபோல விரல்களை இழுக்கின்றன. விரல் தசைக்கு ஒரு கட்டளையும் போகாமலே ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. கரண்டி, பேனா, பல்துலக்கி, செல்பேசி எல்லாம் இந்தப் பிடிக்குள் அடங்கும்.

இந்தப் பிடி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் முதல் சில வாரங்களைப் பொறுத்தது. செயலிழந்த கை விறைத்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னுக்கு வளைத்து உறவினர்கள் தினமும் நீவிவிடுவார்கள். அந்தத் தசைநாண்கள் நீண்டு தளர்ந்துவிடும். பிறகு மணிக்கட்டு எவ்வளவு தூக்கினாலும் விரல்கள் மடங்கா. மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்களை மடக்கியும், விரல்களை நீட்டும்போது மணிக்கட்டைத் தாழ்த்தியும் பயிற்சி தர வேண்டும் என்ற ஒரு வரி அறிவுரை, அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் தன் கையால் சாப்பிடுவதற்கும் பிறர் ஊட்டக் காத்திருப்பதற்கும் இடையே நிற்கிறது. இதைச் சொல்ல ஆள் இல்லாத மருத்துவமனைகள் நம் நாட்டில் இன்னும் ஏராளம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சிலருக்கு இதற்கு மேலும் செய்ய முடியும். வேலை செய்யும் ஒரு தசையின் நாணை அதன் இடத்திலிருந்து எடுத்து, செயலிழந்த வேறொரு தசையின் வேலைக்கு மாற்றித் தைத்துவிட்டால், மூளை அந்தப் புதிய வேலையைக் கற்றுக்கொள்கிறது. சுவீடனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எரிக் மோபெர்க் 1970-களில் இம்முறையைக் கழுத்துத் தண்டுவடக் காயத்தில் பரவலாக்கினார். தோள் தசையின் பின்பகுதியை முழங்கை நீட்டும் நாணுடன் இணைத்தார். இதே கொள்கையை அதற்கு முன்பே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் வளைந்துபோன விரல்களை நிமிர்த்தக் கையாண்டிருந்தார்.

அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து வேலூரில் படித்த இளம் மருத்துவர். 1954-இல் ஒரு வாகன விபத்தில் அவருடைய தண்டுவடம் காயமடைந்து, இடுப்புக்குக் கீழே இயக்கம் போயிற்று. தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்பவர் உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் ஊக்கப்படுத்தினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அவர் அறுவை மருத்துவரானார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கான பயிற்சியைப் பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். திரும்பி வந்து வேலூரில் இத்துறைக்குத் தலைமை ஏற்றார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர், எந்தக் காயத்துக்குச் சிகிச்சை அளித்தாரோ அதே காயத்துடன் வாழ்ந்தவர் என்பது நாம் மறக்கக் கூடாத வரலாறு.

கைகளைப் பற்றி இவ்வளவு பேசினாலும், தண்டுவடக் காயமுற்றவர்களை ஒரு காலத்தில் அதிகம் கொன்றவை சிறுநீர்ப்பையும் தோலும்தான். சிறுநீர்ப்பை சுருங்கும்போது அதன் வாயிலைக் காக்கும் சுருக்குத்தசை தளர வேண்டும். இந்த ஒழுங்கை மூளைத்தண்டு கவனித்துக்கொள்கிறது. தொடர்பு அறுந்தபின் இரண்டும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. வெளியேற வழியில்லாத சிறுநீர், அழுத்தத்தோடு மேல்நோக்கிச் சென்று சிறுநீரகங்களைச் சிறுகச் சிறுக அழிக்கிறது. வலி தெரியாது என்பதால் எச்சரிக்கையும் கிடைக்காது. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், நிரந்தரமாகக் குழாயைச் செருகி வைப்பதற்குப் பதிலாக அவ்வப்போது செலுத்திச் சிறுநீரை வெளியேற்றி எடுத்துவிடும் முறையைக் கடைப்பிடித்தார். அதற்கு முழுக் கிருமிநீக்கம் தேவை என்று கருதப்பட்டதால் மருத்துவமனைக்கு வெளியே அது பரவவில்லை. 1972-இல் அமெரிக்காவின் ஜாக் லாபிடெஸ் வேறொன்றைக் காட்டினார். தொற்றுக்கு முக்கியக் காரணம், அளவுமீறி நிரம்பி விரிந்த சிறுநீர்ப்பைச் சுவரில் இரத்த ஓட்டம் குறைவதே. ஆகவே சுத்தமாகக் கழுவிய கைகளால் நோயாளி தானே கதீட்டர் எனப்படும் அந்தக் குழாயைச் செலுத்தி, உரிய நேரத்தில் காலி செய்தால் போதும் என்றார். இன்று 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் சேராதபடி, வீட்டிலேயே இதைச் செய்யக் கற்றுத்தருகிறார்கள். அழுத்தம் அதிகமுள்ளவர்களுக்கு மாத்திரையோ, சிறுநீர்ப்பைச் சுவரில் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியோ தேவைப்படும்.

தோலுக்கு மருந்தைவிடப் பழக்கம்தான் முக்கியம். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதும், சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்குவதோ பக்கவாட்டில் சாய்வதோ தவறாமல் நடக்க வேண்டும். பின் பையில் வைத்த பர்ஸ், மடியில் வைத்த சூடான பாத்திரம், வண்டி சைலன்சரில் பட்ட கால் என உணர்வில்லாத தோலுக்கு ஆபத்து எங்கிருந்தும் வரும்.

மார்பின் 6-ஆம் மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயமுற்றவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பிற துறை மருத்துவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று மறுவாழ்வு ஆசிரியர்கள் வலியுறுத்துகிறார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பையிலிருந்தோ மலக்கட்டிலிருந்தோ கிளம்பும் செய்தி மூளையை எட்டாது; ஆனால் தண்டுவடத்துக்குள்ளேயே ஓர் அனிச்சைச் செயலைத் தூண்டி வயிற்றுப்பகுதி இரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். இரத்த அழுத்தம் திடீரென ஏறும். அதை உணரும் மூளை குழாய்களைத் தளர்த்தக் கட்டளையிடுகிறது. கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகச் சிவப்பு, காயத்துக்கு மேலே மட்டும் வியர்வை ஆகியவை அறிகுறிகள். இவர்களுடைய இயல்பான மேல் அழுத்தமே பெரும்பாலும் 90 முதல் 110 வரைதான் என்பதால், 140 என்று கருவி காட்டினால் அது பிறருக்குச் சாதாரணம், இவருக்கு அபாயம். செய்ய வேண்டியது எளியது: உட்கார வைத்து, ஆடையையும் பெல்ட்டையும் தளர்த்தி, கதீட்டர் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். மயக்கம் வருமோ என்று பயந்து படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும்.

எல்லாவற்றுக்கும் சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பதில்லை என்ற பாடமும் இத்துறையில் உண்டு. கால் தசைகள் தாமாக இறுகித் துடிப்பதைப் பாக்லோஃபென் மாத்திரையால் குறைக்கலாம். ஆனால் அந்த இறுக்கத்தையே தாங்கலாகக் கொண்டு ஒருவர் எழுந்து நிற்கிறார் என்றால், முழு அளவு மருந்து கொடுப்பது அவரைக் கீழே விழச் செய்யும். இதுவரை அமைதியாக இருந்த கால் இந்த வாரம் திடீரென அதிகமாகத் துடிக்கிறது என்றால், அனுபவமுள்ள மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரில் தொற்று இருக்கிறதா, கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா, எங்காவது புண் தொடங்கியிருக்கிறதா என்று தேடுவார். உணர்வில்லாத உடல் வலியைச் சொல்லும் ஒரே வழி சில சமயம் அந்தத் துடிப்பாகத்தான் இருக்கும்.

வீடு திரும்பும் நாளுக்கு முன் மருத்துவக் குழு கேட்கும் கேள்விகளுள் பாதி மருத்துவம் சாராதவை போலவே தோன்றும். வாசற்படி எத்தனை? கழிவறைக் கதவின் அகலம் என்ன? சக்கர நாற்காலி உள்ளே திரும்புமா? கதீட்டரைக் கழுவ நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? விடைகளைப் பொறுத்துப் பயிற்சித் திட்டம் மாறும். கதவை அகலப்படுத்த முடியாத வீட்டுக்குச் செல்பவருக்குக் குறுகலான நாற்காலியும், அதிலிருந்து தரைக்கு இறங்கி மீண்டும் ஏறும் பயிற்சியும் தரப்படும். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகங்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வர வேண்டும் என்று எழுதியே அனுப்புகிறார்கள்.