டைல்ஸ் விலையைக் கேட்கிறோம், சுவரோர இடைவெளியை யாரும் கேட்பதில்லை

2018 ஜனவரியில் சிங்கப்பூரில் சில நாள்கள் விடாமல் மழை பெய்தது, வெப்பநிலை 22 பாகை அளவுக்கு இறங்கியது. வருடம் முழுக்கப் புழுங்கும் அந்த ஊருக்கு அது நல்ல குளிர். அந்த நாள்களில் வீவக, அதாவது அந்நாட்டு அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தரை டைல்ஸ் திடீரென்று வெடிச் சத்தத்தோடு பெயர்ந்து எழும்பியது. யாரும் எதையும் தூக்கிப் போடவில்லை, கட்டடமும் ஆடவில்லை. நடு ஹாலில் பக்கத்துப் பக்கத்து டைல்ஸ் இரண்டு ஒன்றையொன்று முட்டித் தள்ளி, சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டைச் சாய்த்து நிறுத்திய மாதிரி மேலே நின்றன. சென்னை, கோவை அபார்ட்மெண்டுகளிலும் இது நடக்கிறது. நடந்ததும் எல்லோரும் முதலில் திட்டுவது டைல்ஸ் கம்பெனியை. பெரும்பாலும் டைல்ஸ் மேல் தப்பே இருக்காது.

கான்கிரீட் இறுகிய பிறகும் சும்மா இருப்பதில்லை. கலக்கும்போது ஊற்றிய தண்ணீரில் சிமெண்டோடு சேராமல் மிஞ்சியது மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட மெல்ல மெல்ல ஆவியாகும். அது போகப் போக ஸ்லாப் சுருங்கும். எவ்வளவு? நம் நாட்டுக் கான்கிரீட் விதியான ஐ.எஸ். 456, வேறு தகவல் இல்லாதபோது கணக்குக்கு 0.0003 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, அதாவது ஒரு மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் 4 மீட்டர் நீள ஹாலுக்கு அது 1.2 மில்லிமீட்டர் ஆகிறது. மேலே ஒட்டியிருக்கும் டைல்ஸ் ஏற்கெனவே சூளையில் வெந்து முடிந்த பொருள், அது கூடச் சேர்ந்து சுருங்காது. கீழே உள்ளது சுருங்குகிறது, மேலே உள்ளது மறுக்கிறது. அப்போது டைல்ஸ் வரிசை முழுவதும் இரண்டு பக்கத்திலிருந்தும் நெரிபடும்.

அந்த 1.2 மில்லிமீட்டரும் ஒரே இடத்தில் வெளிப்பட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூட பிதாகரஸ் தேற்றத்தை வைத்தே பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் டைல்ஸ் இரண்டு சேர்ந்து கூரை மாதிரி எழும்புவதாக வையுங்கள். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் குறைந்தால் உச்சி கிட்டத்தட்ட 27 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்துக்கு மேல் உயரும்! கண்ணுக்கே தெரியாத சுருக்கம் கால் தடுக்கும் மேடாக மாறுவது இப்படித்தான்.

அப்புறம் அந்தக் குளிர்? அதன் பங்கு சின்னது. கான்கிரீட் ஒரு பாகைக்கு ஒரு கோடியில் 100 பங்கு வாக்கில் சுருங்கும் என்றால், விட்ரிஃபைடு டைல்ஸ் 60, 70 பங்குதான் சுருங்கும். வெப்பநிலை 8 பாகை இறங்கினாலும் இரண்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம், கான்கிரீட் உலர்ந்து சுருங்குவதில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வருடக்கணக்காக ஏறிக்கொண்டே வந்த அழுத்தத்தைக் குளிர் கடைசியாக ஒரு தள்ளு தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். பல வருடம் ஒழுங்காக இருந்த தரை ஒரு நாள் காலையில் திடீரென்று பெயர்வதும் இதனால்தான்.

சரி, அழுத்தம் இருந்தாலும் கீழே கெட்டியாகப் பிடித்திருந்தால் எழும்பாதே? உண்மைதான். பிடிக்காமல் போவதற்குக் காரணம், நாம் ஆசைப்பட்டு வாங்குகிற விட்ரிஃபைடு டைல்ஸின் மிக நல்ல குணமேதான். குஜராத்தின் மோர்பியில்தான் நம் நாட்டு டைல்ஸில் பெரும்பகுதி தயாராகிறது. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை மாவாக அரைத்து, பெரிய அழுத்தத்தில் தட்டையாக அமுக்கி, 1200 பாகை வாக்கில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, துகள்களுக்கு நடுவே இருக்கும் துளைகளை அடைத்துவிடுகிறது. அதனால் தண்ணீர் உறிஞ்சும் அளவு எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. சாதாரண சுவர் டைல்ஸில் இது 10 சதவீதத்துக்கு மேல். கடைக்குப் போகும்போது இரண்டையும் கவிழ்த்து வைத்துப் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுவர் டைல்ஸ் கண்ணெதிரே குடித்துவிடும், விட்ரிஃபைடில் சொட்டு சொட்டாகவே நிற்கும். கறை இறங்காது, உறுதி அதிகம், எல்லாம் சரி. ஆனால் சிமெண்ட் ஒன்றைப் பிடிப்பதே அதன் துளைகளுக்குள் சிமெண்ட் பால் புகுந்து படிகமாக இறுகுவதால்தான். துளையே இல்லாத முதுகில் அது எதைப் பிடிக்கும்?

இதற்காகத்தான் பாலிமர் கலந்த டைல்ஸ் அடெசிவ் வந்தது. பாலிமர் துளையைத் தேடாமல் பரப்பிலேயே ஒட்டும், கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கும். இதற்கு ஐ.எஸ். 15477 என்று தனித் தர நிர்ணயமே இருக்கிறது, மூட்டையில் வகை எண் போட்டிருக்கும், விட்ரிஃபைடுக்கு எந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும். ஆனாலும் இன்றைக்கும் பல கட்டடங்களில் மணல் கலவையைப் பரப்பி, மேலே சிமெண்ட் பாலை ஊற்றி, டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிவிட்டுப் போகிறார்கள். இன்னும் சில இடங்களில் அடெசிவ் வாங்கியும் பயனில்லை, நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைத்து அமுக்குவார்கள். ரசமட்டம் பார்க்க அது சுலபம். ஆனால் உருண்டைக்கு உருண்டை நடுவே வெறும் காற்று. செய்ய வேண்டியது, பல் வெட்டிய கரணையால் அடெசிவை ஒரே திசையில் கோடு கோடாக இழுத்து, டைல்ஸ் முதுகில் ஒட்டியிருக்கும் சூளை வெள்ளைப் பொடியைத் துடைத்துவிட்டு, பதித்ததும் முன்னும் பின்னும் லேசாக நகர்த்தி அமுக்குவது, அப்போதுதான் கோடுகள் சரிந்து காற்று வெளியேறும். உலர்ந்த அறைகளில் டைல்ஸ் முதுகில் 80 சதவீதமாவது, ஈரமான இடங்களில் 95 சதவீதம் அடெசிவ் பிடித்திருக்க வேண்டும் என்பது தொழில் விதி. வேலை நடக்கும்போது பதித்த டைல்ஸ் ஒன்றை உடனே நெம்பி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கொத்தனார் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

இப்போது தலைப்பில் சொன்ன இடைவெளிக்கு வருகிறேன். டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவே 6 முதல் 10 மில்லிமீட்டர் காலியாக விட வேண்டும். சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும், வெளியே தெரியவே தெரியாது. டைல்ஸ் வரிசை நெரிபடும்போது நகர்ந்துகொள்ள அந்த இடம் வேண்டும். ஆனால் நடப்பதென்ன? டைல்ஸைச் சுவரோடு ஒட்ட முட்டவைத்து, கொஞ்சம் சந்து இருந்தாலும் கலவையைத் திணித்து அடைத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால்தான் சுத்தமான வேலை என்று நாமும் நினைக்கிறோம். டைல்ஸுக்கு டைல்ஸ் இடைவெளியே இல்லாமல் ஒட்டவைத்துக் கேட்பவர்களும் நாம்தான். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் கோடு தெரிகிறது, அழுக்குச் சேருகிறது என்கிறோம்.

அபார்ட்மெண்டில் இது இன்னும் பெரிதாவது பொது நடைவழிகளில். ஒரு தளத்தில் 40 மீட்டர் நீள நடைவழி இருந்தால் அது 12 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். அதனால் உள்ளே ஏழெட்டு மீட்டருக்கு ஒரு இடத்தில், வெயில் படும் மொட்டை மாடி, பால்கனி என்றால் மூன்று மீட்டருக்குள்ளேயே, டைல்ஸ் சந்துகளை அடைக்கும் கிரவுட்டுக்குப் பதிலாக நெகிழும் சீலன்ட் நிரப்பிய இணைப்பு வேண்டும். ஸ்லாப்பிலேயே கட்டடப் பிரிப்பு இணைப்பு இருந்தால் அதற்கு நேர் மேலே டைல்ஸிலும் அது இருந்தே ஆக வேண்டும், அதன் மேல் டைல்ஸை ஓட்டிப் போட்டால் விரிசல் நிச்சயம்.

அதே சுவரோர இடைவெளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது சத்தம்.

மேல் வீட்டில் பேசுவது கீழே அவ்வளவாகக் கேட்பதில்லை, ஆனால் நாற்காலி இழுப்பது, பூண்டு தட்டுவது, குழந்தை குதித்து ஓடுவது எல்லாம் தலைக்கு மேலேயே நடப்பதுபோல் கேட்கிறது. காரணம் எளிது. பேச்சு காற்றில் வருகிறது, 150 மில்லிமீட்டர் ஸ்லாப் சதுர மீட்டருக்கு 360 கிலோ கனம், காற்றால் அதை அசைக்க முடியாது. ஆனால் குதிகால் ஸ்லாப்பையே நேராக அடிக்கிறது. விட்ரிஃபைடும் கான்கிரீட்டும் இரண்டும் விறைப்பானவை, நடுவே மெத்தென்று எதுவும் இல்லை, அடி அப்படியே இறங்கிக் கீழ் வீட்டுக் கூரை முழுவதும் அதிர்ந்து ஒலிபெருக்கியாகிவிடுகிறது.

இதை அளக்க உலகம் முழுவதும் ஒரே மாதிரிக் கருவி உண்டு. அரைக் கிலோ இரும்புச் சுத்தியல்கள் ஐந்து, 4 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, நொடிக்குப் பத்து அடி என்று தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும், கீழ் வீட்டில் உட்கார்ந்து ஒலியை அளப்பார்கள். எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வெறும் கான்கிரீட் ஸ்லாப்புக்கு ஏறத்தாழ 78 டெசிபெல் வரும். இங்கிலாந்தில் புதுக் குடியிருப்புக் கட்டடங்களில் இது 62க்கு மேல் போகக் கூடாது என்று விதி. டைல்ஸின் விலையைக் கூட்டி இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது, சதுர அடி 50 ரூபாய் டைல்ஸும் 500 ரூபாய் இத்தாலிய மார்பிளும் கீழ் வீட்டுக்காரருக்கு ஒன்றுதான். ஸ்லாப்புக்கும் டைல்ஸுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் ரப்பர் அல்லது கார்க் விரிப்பு போட்டால்தான் குறையும். அடி விழுந்ததும் விரிப்பு அமுங்கி, அந்த அடியைக் கொஞ்சம் நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடுகிறது, கூர்மையான டக் சத்தம் போய்விடுகிறது. குழந்தை குதிக்கும் தொம் சத்தம் தாழ்ந்த அதிர்வெண், அதை மெல்லிய விரிப்பு முழுதாக நிறுத்தாது, அதற்குத் தடித்த விரிப்பின் மேல் தனியாக மிதக்கும் கலவைத் தளம் வேண்டும்.

இங்கேதான் அந்த இடைவெளி மறுபடி வருகிறது. விரிப்பெல்லாம் போட்டுவிட்டு டைல்ஸையோ கலவையையோ ஒரே ஒரு இடத்தில் சுவரோடு முட்டவைத்தால்கூடச் சத்தம் அந்த வழியாக இறங்கிவிடும், செலவில் பெரும்பகுதி வீண். ஸ்கர்ட்டிங்கும் தரையைத் தொடாமல், நடுவே சீலன்டோடு நிற்க வேண்டும். கட்டும்போதே செய்தால் இது பெரிய செலவே இல்லை. குடிவந்த பிறகு செய்ய முடியாது, அப்போது நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுவதுதான் மிச்சமிருக்கும் வழி. கீழே வயதானவர்களோ இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர்களோ இருந்தால் அதையாவது தயவுசெய்து இன்றைக்கே செய்துவிடுங்கள்.

வழுக்கலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லாபியிலும் படியிலும் பளபளவென்று பாலிஷ் கிரானைட் போடுவது நம் ஊர் வழக்கம், வடகிழக்குப் பருவமழையில் ஈரச் செருப்போடு உள்ளே வரும் பெரியவர்களுக்கு அது ஆபத்து. உலர்ந்திருக்கும்போது பாலிஷ் தரை வழுக்காது. தண்ணீர் பட்டதும் செருப்புக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய படலம் ஒன்று சிக்கிக்கொள்கிறது, கால் கல்லைத் தொடுவதே இல்லை. பரப்பில் 20 மைக்ரான் அளவுக்கு மேடு பள்ளம் இருந்தால் போதும், மேடுகள் படலத்தைக் குத்திக்கொண்டு செருப்பைப் பிடிக்கும். தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் வாக்கில் இருக்கும் என்றால் எவ்வளவு நுண்ணிய சொரசொரப்பு என்று பாருங்கள். டைல்ஸ் பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருப்பது ஜெர்மன் சோதனை எண். எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஒருவரை நடக்கவிட்டு, சரிவை ஏற்றிக்கொண்டே போய், எந்தக் கோணத்தில் அவர் வழுக்குகிறார் என்று பார்ப்பார்கள். 6 முதல் 10 பாகைக்குள் என்றால் ஆர்9, 19 பாகையைத் தாண்டினால் ஆர்11. நடைவழிக்கு ஆர்10, மழை தெறிக்கும் படிக்கும் சாய்தளத்துக்கும் ஆர்11 என்பது என் கருத்து.

கிரானைட்தான் வேண்டும் என்றால் ஃபிளேம் ஃபினிஷ் கேளுங்கள். கல்லின் மேல் எரிவாயுச் சுடரை ஓட்டுவார்கள், உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் 573 பாகையில் அமைப்பு மாறிச் சட்டென்று விரிவதால் மேல் துகள்கள் பொரிந்து உதிரும், நல்ல பிடிமானம் வரும். மார்பிளைப் பொது இடத்தில் போடாதீர்கள், அது கால்சியம் கார்பனேட், எலுமிச்சைச் சாறோ டாய்லெட் கழுவும் அமிலமோ பட்டால் கரைந்து தழும்பாகிவிடும்.

பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போடுவதும் இப்போது அதிகமாகிவிட்டது. 10 மில்லிமீட்டர் டைல்ஸ் அடெசிவோடு என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆனால் 50 மில்லிமீட்டர் கலவை, மேலே 18 மில்லிமீட்டர் கிரானைட் என்று போனால் 150 கிலோ ஏறும். வீட்டு அறைகளில் ஆள்கள், சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வடிவமைப்பில் எடுத்துக்கொள்வதே சதுர மீட்டருக்கு 200 கிலோ வாக்கில்தான். சிங்கப்பூர் வீவக வீடுகளில் கலவையும் டைல்ஸும் சேர்த்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் குடியிருப்போர் சங்கங்களும் இப்படி ஒரு வரம்பை எழுதி வைத்துக்கொள்வது நல்லது, ஒரு வீட்டில் போடுவது எல்லோருக்கும் பொதுவான ஸ்லாப்பின் மேல்.

வாங்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் ஷேடு எண், அளவு எண் என்று இரண்டு அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு தடவை சுடும்போதும் நிறமும் நீள அகலமும் இம்மி மாறும், அதனால் ஒரு தளம் முழுவதற்கும் ஒரே எண்ணில் எடுக்க வேண்டும். பொதுப் பகுதிக்கு வாங்குவதில் சில பெட்டிகளைச் சங்கத்தின் அறையில் எண்ணோடு எடுத்துவையுங்கள், ஐந்து வருடம் கழித்துக் குழாய் பழுதுக்காக நடைவழியை உடைக்கும்போது அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது.